எம்கேவி ஃபைலிலிருந்து ஆடியோ, சப்டைட்டில் பிரித்தெடுப்பது எப்படி? சிக்கினால் என்ன செய்வது?

எம்கேவி (.mkv என்று முடியும் வீடியோ) ஃபைல் அடுக்கு டிபன் கேரியர் மாதிரி. படம் ஓர் அடுக்கு, தமிழ் ஆடியோ ஓர் அடுக்கு, ஆங்கில ஆடியோ இன்னொன்று, சப்டைட்டில்கள் தனித்தனி அடுக்குகள். பிரித்தெடுப்பது என்றால் ஓர் அடுக்கைக் கழற்றி வெளியே வைப்பது. அவ்வளவுதான், உள்ளே இருப்பதை மறுபடி சமைப்பதில்லை. ஏஏசி (ஓர் ஆடியோ வகை) ஆக உள்ளே இருந்தது ஏஏசி ஆகத்தான் வெளியே வரும். ஃபைல் பெயரின் கடைசியில் எம்பி3 என்று மாற்றி எழுதினால் அது எம்பி3 ஆகிவிடாது. புதியவர்கள் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

விண்டோஸ் கணினிக்கு எம்கேவிடூல்நிக்ஸ், ஜிஎம்கேவிஎக்ஸ்ட்ராக்ட்ஜியுஐ, மீடியாஇன்ஃபோ, சப்டைட்டில் எடிட் ஆகிய நான்கும் போதும். எல்லாமே இலவசம். பிரதியெடுக்கவிடாமல் பூட்டப்பட்ட வீடியோக்களில் இந்த முறை செல்லாது.

செய்முறை

1. முதலில் வீடியோவை மீடியாஇன்ஃபோவில் திறந்து, எத்தனை டிராக் (அடுக்கு), எந்த மொழி, எந்த ஃபார்மட் என்று குறித்துக்கொள்ளுங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள். பின்னால் வரும் குழப்பங்களுக்கெல்லாம் விடை இந்தத் திரையில்தான் இருக்கும்.
2. ஜிஎம்கேவிஎக்ஸ்ட்ராக்ட்ஜியுஐ-யைத் திறந்து, எம்கேவிடூல்நிக்ஸ் நிறுவப்பட்ட ஃபோல்டரைக் காட்டுங்கள். இது வெறும் முகப்புதான், உண்மையான வேலையைச் செய்வது எம்கேவிடூல்நிக்ஸ். அந்த ஃபோல்டர் அதற்குத் தெரியாவிட்டால் ஒன்றும் நடக்காது.
3. வீடியோவை இழுத்துப் போட்டு, வேண்டிய டிராக்குகளுக்கு மட்டும் டிக் அடித்து, எக்ஸ்ட்ராக்ட் பட்டனை அழுத்துங்கள்.

டிராக் எண்ணில் ஒரு கண்ணி உண்டு. எம்கேவிடூல்நிக்ஸ் 0-விலிருந்து எண்ணுகிறது. மீடியாஇன்ஃபோ பெரும்பாலும் 1-லிருந்து. மீடியாஇன்ஃபோவில் 3 என்று பார்த்துவிட்டு கட்டளை வரியில் (கட்டளையைத் தட்டச்சு செய்து பிரிக்கும்போது) அதே 3-ஐக் கொடுத்தால் அடுத்த டிராக் வந்துவிடும். தமிழ் கேட்டவருக்கு ஆங்கிலம் வருவது இதனால்தான்.

எம்பி4 ஃபைலை ஏற்க மறுக்கிறது

ஜிஎம்கேவிஎக்ஸ்ட்ராக்ட்ஜியுஐ எம்கேவி குடும்பத்தை மட்டுமே படிக்கும். எம்பி4-ஐ எம்கேவிடூல்நிக்ஸில் போட்டு மல்டிபிளெக்ஸ் (அடுக்குகளை ஒரே ஃபைலாகச் சேர்ப்பது) செய்தால் அதே படமும் ஒலியும் எம்கேவி டப்பாவுக்கு மாறும். தரம் குறையாது. பிறகு மேலே சொன்ன படிகள்தான்.

ஆடியோ உதட்டசைவோடு ஒட்டவில்லை

படத்துக்குச் சற்றுப் பின்னால் ஆடியோ தொடங்கும் ஃபைல்கள் உண்டு. அந்த இடைவெளி எம்கேவி டப்பாவில்தான் குறிக்கப்பட்டிருக்கும். ஆடியோவைத் தனியே எடுத்ததும் அது போய்விடும். ஜிஎம்கேவிஎக்ஸ்ட்ராக்ட்ஜியுஐ அதை விடுவதில்லை. வெளிவரும் ஃபைலின் பெயரிலேயே ‘டிலே’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மில்லிசெகண்ட் கணக்கை எழுதிவிடும். பெயர் நீளமாக இருக்கிறதே என்று அதை வெட்டிவிடாதீர்கள். திரும்பச் சேர்க்கும்போது எம்கேவிடூல்நிக்ஸில் அந்த ஆடியோவைத் தேர்ந்து, டிலே பெட்டியில் அதே எண்ணைக் கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும்.

தனியே எடுத்த ஏஏசி ஃபைல் நீளத்தைத் தப்பாகக் காட்டலாம், நடுவில் தாவவும் அடம்பிடிக்கலாம். ஃபைல் கெட்டுப்போகவில்லை; அதற்கு நேரக் குறிப்பு எழுதிய டப்பா இல்லை, அவ்வளவே. எம்கேவிடூல்நிக்ஸில் மூல வீடியோவைப் போட்டு, அந்த ஆடியோவைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் டிக்கை எடுத்துவிட்டு எம்கேஏ (ஆடியோ மட்டும் உள்ள எம்கேவி வகை) ஆகச் சேமியுங்கள். இடைவெளியும் அப்படியே தங்கும் என்பதால், கேட்க மட்டும் என்றால் இந்த வழியே மேல்.

சப்டைட்டில் எஸ்ஆர்டி ஆக வரவில்லை

எஸ்ஆர்டி என்பது எழுத்தாகவே இருக்கும் சப்டைட்டில் ஃபைல். அதற்குப் பதில் .sup என்று முடிந்தால் அது ப்ளூரே வகை. .idx, .sub என்று இரட்டையாக வந்தால் டிவிடி வகை. இரண்டிலும் எழுத்துகள் கிடையாது, வரிக்கு வரி படம்தான். பெயரை மாற்றிப் பயனில்லை. சப்டைட்டில் எடிட்டில் திறந்து ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்குவது) ஓட்ட வேண்டும். அதற்கான டெசராக்ட் எஞ்சினுக்குத் தமிழ் மொழிக் கோப்பும் கிடைக்கிறது, ஆனால் வரும் வரிகளை நம்பி அப்படியே விடாதீர்கள். ஒற்றைக்கொம்பும் புள்ளியும் எளிதில் தவறும்.

சில கிலோபைட் மட்டும் வந்தால்? அநேகமாக அது ஃபோர்ஸ்டு சப்டைட்டில், அதாவது வேற்றுமொழி வசனங்களுக்கு மட்டுமான சில வரிகள். பட்டியலில் அதே மொழியில் இன்னொரு டிராக் இருக்கிறதா பாருங்கள். திரையில் வரிகள் தெரிந்தும் பட்டியலில் சப்டைட்டிலே இல்லையென்றால், அது படத்தோடு பொறிக்கப்பட்டது. கழற்ற அடுக்கே இல்லை.

தமிழ் எழுத்து சிதைகிறது

வெறும் கட்டங்கள் வந்தால் ஃபான்ட் சிக்கல். விஎல்சி பிளேயரின் சப்டைட்டில் அமைப்பில் நிர்மலா யுஐ ஃபான்ட்டைத் தேருங்கள். தலையில் கோடு போட்ட லத்தீன் எழுத்துகள் வரிசையாக வந்தால் என்கோடிங் (எழுத்துகளை ஃபைலில் பதியும் முறை) சிக்கல். எஸ்ஆர்டி ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். அங்கே தமிழ் சரியாகத் தெரிந்தால், சேவ் ஆஸ் போய் யூடிஎஃப்-8 வித் பிஓஎம் என்று சேமித்தால் பழைய பிளேயர்களும் படித்துவிடும். நோட்பேடிலேயே சிதைந்திருந்தால், எம்கேவி ஆக்கியவர் கோட்டைவிட்டிருக்கிறார்; அதே படத்துக்கு வேறு சப்டைட்டில் தேடுவதே சுருக்கு வழி.