கியர் பைக் பழக முதல் ஒரு மணி நேரம் ஆக்சிலேட்டர் வேண்டாம்

புதிதாகக் கியர் பைக் பழகுகிறவர்கள் முதல் ஒரு மணி நேரம் ஆக்சிலேட்டரைத் தொடவே வேண்டாம். சமமான மைதானத்தில் முதல் கியர் போட்டு, கிளட்சை நூல் நூலாக விடுங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் சற்றே அமுங்கி, வண்டி மெல்ல நகரும். விரல்களை அங்கேயே நிறுத்துங்கள். பத்தடி போனதும் கிளட்சைப் பிடித்து, பிரேக் போட்டு, மறுபடியும். முப்பது நாற்பது முறையாவது செய்ய வேண்டும்.

100, 125 சிசி வண்டிகள் ஐடிலிங்கிலேயே, அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் இன்ஜின் தானாக ஓடும் வேகத்திலேயே, ஓர் ஆளைச் சுமந்து நகரும். வலது கைக்கு வேலை இல்லாததால் இடது கை அந்த இடத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பதற்றத்தில் முறுக்கி வண்டி பாய்ந்துவிடும் பயமும் இல்லை.

ஏற்றத்திலும் மணலிலும் இது உதவாது, வண்டி அணைந்துவிடும். ஏற்றத்தில் பின் பிரேக்கை மிதித்தபடி லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்து, கிளட்சை மெல்ல விட்டு, வண்டி முன்னே இழுக்கத் தொடங்கிய பிறகே பிரேக்கை விட வேண்டும். இதை ஊருக்குள் சின்ன மேட்டில் பழகுங்கள், விபத்துகளுக்குப் பேர்போன தொப்பூர் கணவாய்ப் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். ஓசூர், தளி பக்கத்து மார்கழிக் குளிரில் இன்ஜினை இரண்டு நிமிடம் ஓடவிட்ட பிறகு தொடங்குங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லுக்கும் கிளட்ச் பிடியே கிடையாது, அவற்றுக்கு இது பொருந்தாது.