இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே 417

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் வகுப்புகள் நடத்தும் ஒரு சங்கத்துக்கு மாணவர் பதிவேடு செய்துகொடுத்தேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று கிளைக்கொரு ஸ்கீமா, அதாவது ஒரே தரவுத்தளத்துக்குள் அட்டவணைகளுக்கான தனி அறை. ஒவ்வொன்றிலும் எண் 1-இல் தொடங்கும். ஆண்டிறுதியில் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, ரசீதுகளை எண்ணை மட்டும் பார்த்து இணைத்தேன். 417-க்கு இரண்டு பிள்ளைகள் வந்து நின்றார்கள். ஒருவர் கட்டிய பணம் மற்றவர் கணக்கிலும் ஏறியிருந்தது. ஒரே எண் இருமுறை வராமல் பார்க்கும் பிரைமரி கீ (முதன்மைச் சாவி) தன் அட்டவணைக்கு மட்டுமே காவல். பக்கத்து ஸ்கீமா அதன் கண்ணில் படாது. தவறு என்னுடையதுதான்.

இதைத் தவிர்க்க அவசரத்தில் பலர் செய்வது, எல்லா ஸ்கீமாவிலும் உள்ள மிகப் பெரிய எண்ணைத் தேடி ஒன்றைக் கூட்டுவது. ஒரே நொடியில் இரண்டு கிளைகள் பதிந்தால் இரண்டுக்கும் ஒரே எண் கிடைக்கக்கூடும். ஒரே அட்டவணையாக இருந்தால் பிழையாவது வரும். இங்கே சத்தமில்லாமல் உள்ளே போய்விடும்.

நான் பயன்படுத்தும் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸில் இன்னொரு பொறி உண்டு. அதில் தானாக எண் போடும் பத்தி (column) இரண்டு வகை: சீரியல், ஐடென்டிட்டி. இரண்டுக்கும் அடுத்த எண்ணைத் தருவது சீக்வென்ஸ் என்ற எண்ணி. அட்டவணையை ‘லைக் இன்க்ளூடிங் ஆல்’ என்ற கட்டளையால் புதிய ஸ்கீமாவுக்கு நகலெடுத்தால், சீரியல் பத்தி பழைய ஸ்கீமாவின் சீக்வென்ஸிலிருந்தே எண் வாங்கும். ஐடென்டிட்டி பத்திக்கோ புதிய சீக்வென்ஸ் பிறந்துவிடும். முதலாவது தற்செயலாக நமக்கு வேண்டியதையே செய்கிறது. ஆனால் பழைய ஸ்கீமாவை, அதைச் சார்ந்தவற்றையும் சேர்த்து அழிக்கும் ‘கேஸ்கேட்’ போட்டு நீக்கும் நாளில் எண் வருவது நின்றுவிடும். பகிர்வதானால் பொது ஸ்கீமாவில் ஒரு சீக்வென்ஸை வெளிப்படையாக வைத்து, அதை எல்லோரும் பயன்படுத்தட்டும். எண்ணின் வகை பிக்இன்ட் (பெரிய முழு எண்) ஆக இருக்கட்டும், சாதாரண முழு எண் 2147483647-உடன் முடிந்துவிடும்.

எண்ணுக்குப் பதில் பெயரைச் சாவியாக்க இங்கே யாரும் துணியமாட்டார்கள். ஒரு வகுப்பிலேயே கோவெண்டர் என்ற குடும்பப் பெயர் எத்தனை, ‘பிள்ளை’ என்ற குடும்பப் பெயர் எத்தனை! நாட்டின் 13 இலக்க அடையாள எண்தான் ஆசை காட்டும். அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. சிறுவர்களின் அந்தரங்கத்தை ஒவ்வொரு அட்டவணையிலும் தூவுவானேன்? தட்டச்சுப் பிழை நேர்ந்தால் திருத்துவதும் பெரும்பாடு.

எங்கே உருவாக்கினாலும் மற்றொன்றோடு மோதாதபடி அமைந்த நீண்ட அடையாளமான யூயூஐடி (UUID) நல்ல வழிதான். அதை 36 எழுத்து உரையாகச் சேமிக்காதீர்கள். அதற்கென உள்ள வகையில் 16 பைட்டுதான். நான்காம் பதிப்பு தற்போக்கானது, புதிய பதிவுகள் இன்டெக்ஸ் (தேடலுக்கான வரிசைப் பட்டியல்) முழுவதும் சிதறும். 2024-இல் தரமாக்கப்பட்ட ஏழாம் பதிப்பில் நேரம் முன்னால் வருவதால் அந்தத் தொல்லை குறைவு.

பழைய எண்கள் பிள்ளைகளின் அட்டைகளில் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. அதனால் சேர்த்த பட்டியலில் கிளையையும் எண்ணையும் இணைத்துக் கூட்டுச் சாவியாக்கினேன். இப்போது சாட்ஸ்வொர்த் 417 ஒருவர், ஃபீனிக்ஸ் 417 வேறொருவர்.