காகிதத்தில் ஒரு குட்டிப் பரிசுப் பை

முதலில் நான் வீணாக்கியதெல்லாம் 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில்) காகிதம்தான். எழுத நல்லது, பைக்கு ஆகாது, மடிப்பிலேயே கிழிந்துவிடும். இப்போது 120 ஜி.எஸ்.எம். மட்டுமே.

ஏ4 தாளைப் படுக்கை வாட்டில் வையுங்கள். வலது ஓரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் பட்டை விட்டு, மீதியைச் சரிபாதியாக மடித்து, பட்டையில் பசை தடவி ஒட்டுங்கள். இருபுறமும் திறந்த குழாய் மாதிரி இருக்கும். நன்றாகக் காயட்டும். அவசரப்பட்டால் உள்பக்கமும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், அனுபவம்!

அப்புறம் அடிப்பாகம். கீழிருந்து 6 சென்டிமீட்டர் மேலே மடித்து அழுத்துங்கள். அந்த மடிப்பின் வாயைத் திறந்து ஒரு விளிம்பைக் கீழே இழுத்தால், இரண்டு ஓரங்களிலும் முக்கோணம் தானாகப் படியும். படியவில்லையென்றால் முதல் மடிப்பு கோணல் என்று அர்த்தம். இப்போது கீழ் விளிம்பை நடுக்கோட்டைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் வரும்படி மடியுங்கள். மேல் விளிம்பையும் அப்படியே மடித்து, அதன்மேல் ஒட்டுங்கள். 5 சென்டிமீட்டர் அகல அடி கிடைத்துவிடும். பக்க ஓரங்களையும் அடியின் பாதி அளவுக்கு, அதாவது இரண்டரை சென்டிமீட்டர், உள்ளே மடித்து அழுத்திவிட்டுத் திறந்தால் பை நிமிர்ந்து நிற்கும்.

பசையை விரலால் தடவாதீர்கள், காகிதம் சுருங்கும். பழைய அட்டைத் துண்டால் மெல்லிசாக இழுங்கள்.

பெட்டி வேண்டுமா? கெட்டி அட்டையை அப்படியே மடித்தால் வெடிக்கும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்துக் கோடு அழுத்திவிட்டு மடியுங்கள். மூடிக்கு, அடிப்பெட்டியைவிட நீள அகலம் இரண்டிலும் 3 மில்லிமீட்டர் கூட்டிக்கொண்டால் போதும்.