பேஸ்புக்கை மூட முதல்: கந்தோர் இணையத்தில் நாங்கள் விடுகிற தவறுகள்

மாதம் முடிய முதலே டேட்டா முடிந்தால் யாழ்ப்பாணத்துக் கந்தோர்களில் பழி விழுவது ஊழியரின் போன் மேல்தான். அடுத்த நாளே ரூட்டரில் பேஸ்புக்கும் யூடியூப்பும் மூடப்படும். எத்தனை மணிக்கு, எதற்காக இணையம் போகிறது என்று பார்க்காமலே மூடுவதுதான் முதல் தவறு.

மணிக்கூட்டைப் பார்த்தாலே பாதிக் காரணம் விளங்கும். இங்கே காலை 9 மணி என்றால் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 10.30, கோடையில் 11.30. அங்கத்தைய ஆட்கள் வேலையால் வந்து, படுக்க முன் வீட்டோடு கதைக்கிற நேரம் அது. லண்டனில் காலை 7 மணி, இங்கே பகல் 11.30 அல்லது 12.30. அதோடு வங்கியும் பிரதேச செயலகமும் திறந்திருப்பது ஊழியர் வேலையில் நிற்கிற அதே நேரத்தில்தான். கரண்ட் பில்லைத் திரையில் கட்ட 5 நிமிடம்; நேரில் போய் வரிசையில் நின்றால் அரைநாள் லீவு. மூடுகிறவர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

இன்னொரு காரணம் காத்திருப்பு. ஒரு கையெழுத்துக்காக முக்கால் மணித்தியாலம் சும்மா இருக்கிற பிள்ளையின் கை போனுக்குத்தான் போகும். அதைச் சோம்பல் என்று எழுதி வைப்பது தவறு. நகராமல் கிடப்பது கோப்பு.

டேட்டாவைத் தின்றது யார் என்பதிலும் ஊகம் வேண்டாம். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவது கணக்கிலேயே வராது. எச்டி வீடியோ மணிக்கு 1.5 முதல் 3 ஜிபி வரை இழுக்கும். ஆனால் 1 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு ஒரு மெகாபிட்) வேகத்தில் நாள் முழுக்கக் கிளவுட்டுக்கு, அதாவது இணையச் சேமிப்பிடத்துக்கு, ஏறுகிற ஒரு சிசிடிவி கமெரா 10.8 ஜிபி எடுக்கும். நாலு கமெரா என்றால் 43. முதலாளி பூட்டிவிட்ட கமெரா என்பதால் அதை யாரும் சந்தேகப்படுவதில்லை! கணினிகளில் விண்டோஸ் செட்டிங்ஸில் டேட்டா யூசேஜைத் திறந்தால் எந்தச் செயலி 30 நாளில் எவ்வளவு எடுத்தது என்று வரும். அப்டேட்டுகள் அங்கேதான் அகப்படும்.

வாட்ஸ்அப்பை அடியோடு மூடினால் வாடிக்கையாளரின் ஓடரும் சேர்ந்து நிற்கும். ஊழியர் தங்கள் சிம் டேட்டாவுக்கு மாறுவார்கள். போகிற நேரம் அப்படியே போகும், உங்களுக்குத்தான் ஒன்றும் தெரியாது.

எல்லாருக்கும் ஒரே பாஸ்வேட் கொடுப்பது அடுத்த பிழை. பில் போடுகிற கணினிக்கு ஒன்று, போன்களுக்குக் கெஸ்ட் நெற்வேர்க் (கந்தோர்க் கணினிகளோடு சேராத தனி வைபை) ஒன்று என்று பிரியுங்கள். ரூட்டரில் வசதி இருந்தால் கெஸ்டுக்கு மொத்தம் 5 எம்பிபிஎஸ் போதும்: அழைப்புப் போகும், நாலு பேர் எச்டியில் படம் பார்க்க முடியாது. ரூட்டரில் தெரிகிற, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலை வைத்து ஆளைப் பிடிக்கவும் வெளிக்கிடாதீர்கள். இப்போதைய போன்கள் ஒவ்வொரு வைபைக்கும் வேறு வேறு மாக் முகவரியை (கருவியை அடையாளம் காட்டும் இலக்கத்தை) காட்டும்.

சொல்லாமல் கண்காணிப்பு மென்பொருள் போடுவது எல்லாவற்றிலும் மோசம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நாடு இது. எது பதிவாகும், எந்த இடைவேளையில் வீடியோ பார்க்கலாம் என்று அரைப்பக்கத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் நேரலையைத் தடுக்கப் பார்ப்பது வீண் வேலை. எட்டுப் போனில் எட்டுத் தரம் ஓடுவதைச் சாப்பாட்டறை ரீவியில் ஒருதரம் ஓடவிட்டால், படத்தின் தெளிவு ஒன்றாக இருக்கிற வரை டேட்டா எட்டில் ஒன்றுதான்.