வீட்டில் பிலாட்டிஸ் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1883ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ், இன்று பிலாட்டிஸ் என்று அவர் பெயராலேயே அழைக்கப்படும் பயிற்சி முறைக்கு முதலில் வைத்த பெயர் ‘கன்ட்ராலஜி’. உடலைக் கட்டுப்பாட்டுடன் இயக்கக் கற்பது என்பதே அதன் உட்பொருள். வீட்டில் தனியாகத் தொடங்குவோர் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இந்தப் பழைய பெயரை மறப்பதால் வருபவை. எத்தனை முறை செய்தோம் என்று எண்ணுகிறோமே தவிர, எந்தத் தசை வேலை செய்தது என்று கவனிப்பதில்லை.

அவர் தொகுத்த 34 தரைப் பயிற்சிகளில் முதலாவது ‘ஹண்ட்ரட்’. மல்லாந்து படுத்து, தலையையும் தோள்களையும் உயர்த்தி, நீட்டிய கால்களைத் தரையிலிருந்து தூக்கியபடி, கைகளை மேலும் கீழும் சிறிதாக அசைத்துக்கொண்டே ஐந்து எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஐந்து எண்ணும்வரை விட வேண்டும். பத்துச் சுற்றுகள் முடிந்தால் நூறு. வரிசையில் முதலில் இருப்பதாலேயே இதை எளிதென்று பலரும் நம்பிவிடுகிறார்கள். நானும் நம்பினேன், மறுநாள் வயிறு வலிக்கும் என்று எதிர்பார்த்திருந்தால், வலித்தது கழுத்து. வயிற்றுத் தசைகள் சோர்ந்ததும் தலையின் பாரம் முழுவதும் கழுத்துத் தசைகளின் மேல் விழுந்துவிட்டது. தலையைத் தரையிலேயே வைத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றி, மூன்று நான்கு சுற்றுகளோடு தொடங்குவதில் குறைவொன்றும் இல்லை.

எல்லாவற்றிலும் அதிகக் கவனம் வேண்டியது இடுப்புக்கு மேலுள்ள கீழ்முதுகு. முழங்கால்களை மடக்கிப் படுத்து, உள்ளங்கைகளின் அடிப்பகுதியை இருபக்க இடுப்பெலும்பு முனைகளிலும், விரல்நுனிகளை அடிவயிற்றின் கீழுள்ள எலும்பிலும் வையுங்கள். கைகள் அமைக்கும் முக்கோணம் தரைக்கு இணையாகச் சமமாக இருந்தால் முதுகெலும்பு அதன் இயல்பான வளைவில் இருக்கிறது. கீழ்முதுகுக்கும் தரைக்கும் இடையே சிறிய இடைவெளி இருப்பது இயற்கையே. இப்போது ஒரு கையை அந்த இடைவெளியில் நுழைத்து, ஒரு காலை மெதுவாக நீட்டித் தாழ்த்துங்கள். இடைவெளி பெரிதாகும் நொடியே உங்கள் எல்லை; அதற்குக் கீழே கால் இறங்கினால், வயிறு செய்ய வேண்டிய வேலையை முதுகு சுமக்கிறது. வயிற்றின் நடுப்பகுதி கூம்பு போல மேடிட்டு எழுந்தாலும் அதே எச்சரிக்கைதான். உடனே காலை உயர்த்திக்கொள்ளுங்கள்.

மூச்சை அடக்குவது இன்னொரு பெரிய தவறு. கடினமான அசைவு வந்ததும் நம்மை அறியாமலே மூச்சு நின்றுவிடும். விலா எலும்புகளின் இரு பக்கமும் கைகளை வைத்து, மூச்சை இழுக்கும்போது அவை பக்கவாட்டில் விரிவதையும், விடும்போது ஒடுங்குவதையும் உணர்ந்து பழகுங்கள். முயற்சி தேவைப்படும் கட்டத்தில் பொதுவாக மூச்சை வெளியே விட வேண்டும். வேகமும் இப்படி ஏமாற்றக்கூடியதே. படுத்த நிலையிலிருந்து எழுந்து உட்காரும் ‘ரோல் அப்’ பயிற்சியில் கைகளை வீசி எழுந்தால், தசை செய்ய வேண்டியதை வீச்சு செய்துவிடும். மெத்தைமேல் பயிற்சி செய்யாதீர்கள். உடல் அமிழ்ந்துவிட்டால் முதுகின் நிலையை உணர முடியாது.

எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ளவர்கள் முதுகை முன்னோக்கி வளைக்கும், உருளும் பயிற்சிகளைச் செய்யக் கூடாது. அவற்றால் முதுகெலும்பு முறியும் அபாயம் உண்டு. கர்ப்ப காலத்தின் நடுமாதங்களிலிருந்து நீண்ட நேரம் மல்லாந்து படுக்கும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலியோ மரத்துப்போதலோ இருந்தால், காணொளியைப் பார்த்துத் தொடங்காமல் மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ முதலில் கேளுங்கள்.

உடல் எடை வேகமாகக் குறையும் என்று எதிர்பார்த்து வருபவர்கள் சில வாரங்களில் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். இதன் பயன் வேறு. முதுகெலும்பைத் தாங்கும் ஆழ்ந்த வயிற்றுத் தசைகளும் இடுப்புத்தள தசைகளும் வலுப்பெறும், உடல் நிலைப்பாடும் சமநிலையும் சீராகும், நாள்பட்ட கீழ்முதுகு வலி பலருக்குத் தணியும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கான நடையை இதற்காக விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் வாரம் மூன்று நாட்கள், நாளுக்கு 15 அல்லது 20 நிமிடங்கள் போதும். முதுகுக்கு அடியில் கை வைத்துப் பார்க்கும் சோதனையைச் சில வாரங்களுக்கு ஒருமுறை செய்து பாருங்கள். இடைவெளி மாறாமல் கால் முன்பைவிடச் சற்றுத் தாழ்வாக இறங்கினால், அடுத்த பயிற்சிக்குப் போகலாம்.