தேக்கில் கருகல்: ஐந்து அச்சு ரவுட்டரில் ஜி93

காத்தான்குடிப் பட்டறையில் ஐந்து அச்சு ரவுட்டரில் (கணினி ஓட்டும் மரம் செதுக்கும் மெஷின்; வெட்டும் தலை மூன்று திசையில் நகரும், இரண்டு விதமாகத் திரும்பும்) கட்டில் தலைமாட்டுக்குத் தேக்குச் செதுக்கல் ஓடும்போது, வளைவுகளில் மட்டும் கரும்புள்ளி விழுந்தது. புது பிட் (வெட்டும் அலகு) போட்டோம், அதைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் வேகத்தைக் குறைத்தோம், பலனில்லை. ஃபீடை (பிட் மரத்தில் முன்னேறும் வேகம்) கூட்டினால் நேர் வெட்டில் அதிர்வு.

ஒன்றைக் கவனித்தேன்: ஆழமான இடமெல்லாம் சுத்தம், தலை சரிகிற இடம்தான் கருகுது. எங்கள் மெஷினில் தலையே சரியும், பிவட்டிலிருந்து (தலை சரியும் மையப் புள்ளி) பிட் முனை வரை நீளம் 250 மி.மீ. தலை 10 பாகை சரிந்தால் பிவட் கிட்டத்தட்ட 44 மி.மீ. நகரும், பிட் முனையோ 2 மி.மீ. கூடப் போகாது. எஃப்3000 (நிமிடத்துக்கு 3000 மி.மீ. ஃபீட்) பிவட்டுக்குத்தான் கணக்கு. முனை முக்கால் செக்கனுக்கு மேல் அங்கேயே நின்று தேய்க்குது. தேக்கு கருகாமல் என்ன செய்யும்?

கேம் மென்பொருளின் (வெட்டுப் பாதை போடுவது) போஸ்டில் (அந்தப் பாதையை மெஷினுக்கான கட்டளை வரிகளாக எழுதும் பகுதி) ஐந்து அச்சு வெட்டுகளை ஜி93க்கு (நகர்வு எவ்வளவு நேரத்தில் முடிய வேண்டும் என்று சொல்லும் ஃபீட் முறை) மாற்றினேன். இதில் எஃப் என்பது ஃபீடை முனை போகும் தூரத்தால் வகுத்தது: 3000ஐ 2ஆல் வகுத்தால் எஃப்1500.

உடனே மெஷினை ஓட்டும் லினக்ஸ்சிஎன்சி மென்பொருள் எரர் காட்டி நின்றது. ஜி93இல் ஒவ்வொரு ஜி1 (நேர்கோட்டில் வெட்டும் கட்டளை) வரியிலும் எஃப் இருக்க வேண்டும். போஸ்டோ அதே எண் திரும்ப வந்தால் எழுதாமல் விட்டுவிடும். எஃப்பை எப்போதும் எழுதச் சொல்லி, வெட்டு முடிவில் ஜி94ஐயும் (நிமிடத்துக்கு இத்தனை மி.மீ. என்ற வழக்கமான ஃபீட் முறை) சேர்த்தேன். அந்த ஜி94 முக்கியம், இல்லாவிட்டால் அடுத்த மூன்று அச்சு வெட்டு தாறுமாறாகும்.

கருகல் போய்விட்டது. அப்பாடா!