ஒரு கால் குட்டையா, இடுப்பு சாய்ந்திருக்கிறதா?

பேன்ட்டில் ஒரு கால் மட்டும் தரையில் உரசுகிறது, ஒரு செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்கிறது என்றால் கால்களை அளந்து பார்க்கலாம். 1 செ.மீ.க்குக் குறைந்த வித்தியாசம் நிறையப் பேருக்கு உண்டு. வலி இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள்.

நிற்கும்போது குட்டைக் கால் பக்கம் இடுப்பெலும்பு இறங்கும். முதுகெலும்பு அந்தப் பக்கமே சாய்ந்து கிளம்பினாலும், தலையை நடுவில் வைக்க வேண்டுமே! அதனால் கீழ்முதுகு வளைந்து திரும்பும். அந்த வளைவின் புடைப்பு குட்டைக் கால் பக்கம் இருக்கும். நெட்டைக் காலும் சும்மா இருக்காது. முழங்கால் லேசாக மடங்கும், பாதத்தின் உள்வளைவு தட்டையாகும், அந்தப் பக்க இடுப்பெலும்பு பின்னோக்கிச் சுழலும். எல்லாம் உயரத்தைக் குறைத்துக்கொள்ளும் வேலை.

அளக்க இன்னொருவர் வேண்டும். மல்லாந்து படுத்து, முழங்கால்களை நீட்டி, பாதங்களை ஒரு சாண் இடைவெளியில் சமமாக வையுங்கள். இடுப்பின் முன்பக்கம் துருத்தும் எலும்பு முனையிலிருந்து உட்புறக் கணுக்கால் முட்டுவரை இன்ச் டேப்பால் அளக்க வேண்டும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். ஒரு கால் சற்று விலகியிருந்தாலும் அளவு பொய்யாகும், 5 மி.மீ. வித்தியாசத்தை டேப்பை நம்பி முடிவுசெய்யக் கூடாது.

அடுத்து தொப்புளிலிருந்து அதே முட்டுவரை. முதல் அளவு சமமாக இருந்து இது மட்டும் மாறினால் எலும்பு குட்டையில்லை. தசை இறுக்கத்தாலோ முதுகு வளைவாலோ இடுப்பு சாய்ந்திருக்கலாம். பலர் சறுக்குவது இங்கேதான். இதற்குக் குதிகால் அட்டை (ஷூவுக்குள் குதிகாலுக்கு அடியில் உயரத்துக்காக வைக்கும் துண்டு) வைத்தால் சாய்வு நிலைத்துவிடும். பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டி, இறுகிய தசையைத் தளர்த்துவதே வழி.

எலும்புதான் குட்டை என்றால், வெறுங்காலில் நின்று குட்டைக் காலின் கீழ் 5 மி.மீ. பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். பின்னாலிருந்து பார்ப்பவர் இரு இடுப்பு விளிம்புகளிலும் கைவைத்து, அவை சமமாகும்போது நிறுத்தச் சொல்லட்டும். அந்த உயரம்தான் உண்மையான குறை. ஸ்டூலில் உட்கார்ந்ததும் முதுகு நேரானால், வளைவுக்குக் காலே காரணம். உட்கார்ந்தும் வளைவு போகவில்லையென்றால் முதுகெலும்பை டாக்டரிடம் காட்டுங்கள்.

முழுக்குறையையும் ஒரே நாளில் நிரப்பக் கூடாது. பழகிய முதுகு புதிதாக வலிக்கும். குட்டைக் காலுக்கு 3 மி.மீ. குதிகால் அட்டையில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே அளவு கூட்டுங்கள். வலி அடங்கியதும் நிறுத்திவிடலாம்; பாதிக் குறை நிரம்பியதுமே அடங்கிவிடுவதும் உண்டு. ஸ்பாஞ்ச் அமுங்கிப் போகும்; கார்க்கோ கெட்டி ரப்பரோ நல்லது. ஷூவுக்குள் சுமார் 1 செ.மீ.தான் கொள்ளும், மீறினால் குதிகால் வழுக்கி வெளியே வரும். அதற்குமேல் வேண்டுமானால் வெளி அடிப்பாகத்தையே, முன்பாதத்தோடு சேர்த்து உயர்த்த வேண்டும். வீட்டில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு ஷூ அட்டையால் பாதிப் பயன்தான். குட்டைக் கால் பக்கம் அதே உயரம் கூட்டி, பின்பட்டை வைத்த வீட்டுச் செருப்பு ஒன்று தைத்துக்கொள்ளுங்கள்.

வளரும் பிள்ளைகளுக்கு வித்தியாசம் கூடிக்கொண்டே போகலாம் என்பதால், எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயில் அளந்து, குறித்த இடைவெளியில் மறுபடி அளக்க வேண்டும். 2 செ.மீ.யைத் தாண்டினால் பெரியவர்களும் மருத்துவரைப் பார்ப்பதே சரி.